வாசலுக்கு இடப்பக்கம் மணல் வாளி

விருதுநகர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தங்கச்சாமி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் வருபவை:

1. மின்னஞ்சலை விட்டுத் தாளில் எழுதுவதன் காரணம்.
2. நம் பாடப் பக்கங்களில் உங்கள் பாதி, பேசி முடித்த வரிசையில் இல்லாதது.
3. அசைன்மென்ட் இருக்கும் இடம்.
4. சென்ற கூட்டத்தில் நீங்கள் சொன்ன ரேஷன் கார்டு.
5. எனக்குப் பொறாமை இல்லை என்பது.
6. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. பல்கலைக்கழகம் நமக்குக் கொடுத்திருக்கும் மின்னஞ்சலில் எதை அனுப்பினாலும் ஒரு நகல் ஒருங்கிணைப்பாளர் ஆர்த்தி மேடத்துக்குப் போகிறது. நம் பேச்சு அவர் வரை போக வேண்டாம் என்று நினைத்தேன். போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் வலது காதும் இப்போது இடது காதோடு சேர்ந்துகொண்டது என்று சொன்னீர்கள். எனக்குக் கத்திப் பேசிப் பழக்கமில்லை. வகுப்பிலேயே கடைசி பெஞ்சுக்குக் கேட்காது என்று பெயர் வாங்கியவன்.

இரண்டாவது. ஒரே கல்லூரியின் ஒரே வேதியியல் துறையில் ஓய்வுபெற்ற இரண்டு பேரைக் கூப்பிட்டு, 'தொழிற்கூடப் பாதுகாப்பு' என்ற ஒரே இணையவழிப் பாடத்தை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள். அலகு ஒன்று முதல் ஐந்து வரை நான். ஆறு முதல் பத்து வரை நீங்கள். பார்க்கிற மாணவனுக்கு அது ஒருவரே செய்ததுபோலத் தெரிய வேண்டும் என்பதுதான் ஆர்த்தி மேடம் சொன்ன ஒரே நிபந்தனை. அதனால்தான் எல்லாப் பக்கத்துக்கும் ஐந்து தலைப்பு எழுதிக் காட்டினேன்: இந்தப் பக்கத்தில், படிக்க, பார்க்க, செய்ய, அனுப்ப. இதே பெயர், இதே வரிசை. நீங்கள் தலையாட்டினீர்கள். காதில் விழாமலேயே ஆட்டினீர்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உங்கள் எட்டாம் அலகு 'வாங்க, கையைத் துடைச்சிட்டு உக்காருங்க' என்று தொடங்குகிறது. அது தலைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை எனக்கு மட்டும்தான் தெரியவில்லையோ என்னவோ.

மூன்றாவது. அசைன்மென்ட் உங்கள் அலகுகளில் எங்கே இருக்கிறது? நான் தேடினேன். ஆறாம் அலகில் கிடைத்தது. எட்டில் கிடைக்கவில்லை.

நான்காவது. "அண்ணாச்சி பக்கம் ரேஷன் கார்டு மாதிரி. எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு, சீனி மட்டும் இல்ல" என்றீர்கள். ஆர்த்தி மேடமும் சிரித்தார். இதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

ஐந்தாவது. உங்கள் வீடியோவை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கற்பகவல்லி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"இதோட எத்தனை தடவை?" என்றாள்.

"பிழை இருக்கிறதா என்று பார்க்கிறேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீக. பொறாமையில்லைன்னா அப்ப அவருக்கு ரசிகரா நீங்க?"

காப்பியைக் குடித்துவிட்டு வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாத கேள்வி அது.

ஆறாவது. தீபாவளிக்கு முன்னால் ஆர்த்தி மேடம் நம் இரண்டு பாதியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பல்கலைக்கழகத்தின் மற்ற இணையவழிப் பாடங்கள் எல்லாம் அந்த அமைப்பில்தான் வரும். அதைச் செய்தவர்தான் எல்லாவற்றுக்கும் மேற்பார்வை. எனக்கு அந்த வேலை வேண்டும். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் வேண்டும். ஆண்டு விழாவில் மாணவர்கள் மேடைக்குக் கூப்பிட்டதெல்லாம் உங்களைத்தான். பக்கங்களை வரிசைப்படுத்துவது ஒன்றுதான் எனக்கு வரும் வேலை. அதிலாவது நம் இரண்டு பாதியும் ஒழுங்காக நிற்கட்டும். உங்கள் பக்கங்களைத் தயவுசெய்து வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.

தங்கள்
லட்சுமிகாந்தம்


சிவகாசி
11 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சிக்கு,

கடிதாசி வந்துச்சு. நம்பர் போட்டு எழுதியிருந்தீக. எனக்கு நம்பர் வராது. எழுதுறதும் பேசுறதும் எனக்கு ஒண்ணுதான், வர்றபடி எழுதுறேன்.

ரேஷன் கார்டுன்னு சொன்னது தப்புதான். ஆனா அம்புட்டுப் பேரும் சிரிச்சாக, நீங்களும் சிரிச்சீக. ஸ்கிரீன்ல பாத்தேனே! அன்னைக்குச் சிரிச்சிட்டு ஒரு வாரம் கழிச்சு வலிக்குதுன்னா எப்படி அண்ணாச்சி?

தலையாட்டுனது காதுல விழுந்துதான். வீட்டுல உக்காந்து 'இந்தப் பக்கத்தில்'னு டைப் அடிச்சதும் கொட்டாவி வந்துருச்சு. எனக்கே வந்தா பிள்ளைகளுக்கு வராதா? அதான் எம். புதுப்பட்டிக்குப் போயிட்டேன். அங்கன எங்க குடும்பத்துப் பட்டாசு ஆலை இருக்குல்ல, அண்ணன் மகன் சுந்தரபாண்டிதான் பாக்கான். வேலையில்லாத ஞாயித்துக்கிழமையா பாத்து, ஒவ்வொரு ரூமுக்கு முன்னாலயும் நின்னு பேசுனேன், அவன் போன்ல எடுத்தான். "சித்தப்பா, கையை ரொம்ப ஆட்டாதீக, பிரேம்ல நிக்க மாட்டேங்கீக"ன்னு ஒரே ஏச்சு.

நீங்க அம்புட்டுத் தடவை பாத்தது எட்டாம் யூனிட்டாத்தான் இருக்கும். எந்த ரூமுக்குப் போனாலும் வாசலுக்கு இடப்பக்கம் மணல் வாளி. பதறுறப்ப கண்ணு தேடாது, கைதான் தேடும், கை போற இடத்துல வாளி இருக்கணும்னு சொல்லியிருப்பேன். அதுக்குக் கீழ பிள்ளைக 'சார் வேற லெவல்'னு எழுதியிருக்கு. அப்படின்னா என்னம்மான்னு மருமகட்ட கேட்டேன். நல்லதுதானாம்.

அசைன்மென்ட் எங்கன்னு கேட்டீக. இருக்கு. ஆறுல வீடியோவுக்குக் கீழ. ஏழுல அந்த ரூம் போட்டோவைத் தொட்டா வரும். எட்டுல... இருக்கு அண்ணாச்சி. தேடுறவனுக்குக் கிடைக்கும்.

மேற்பார்வை வேலை எனக்கும் வேணும். பொய் சொல்லமாட்டேன். ஆலைக்குப் போனா சுந்தரபாண்டி நாற்காலி போட்டு உக்கார வச்சு டீ வாங்கிக் குடுக்கான். யோசனை சொன்னா மட்டும், "சரி சித்தப்பா, சரி சித்தப்பா"ன்னுட்டு அவன் பாட்டுக்குப் போறான். நான் பேசி நாலு பேரு கேக்கணும். இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது.

மதினியைக் கேட்டதாச் சொல்லுங்க. ரசிகருக்கு என் வணக்கம்.

தங்கச்சாமி


விருதுநகர்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள தங்கச்சாமி அவர்களுக்கு,

இந்தமுறை எண் போடவில்லை. சொல்ல அவ்வளவு விஷயம் இல்லை.

இங்கே நேரடி வகுப்பு நடந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்து முப்பது நாற்பது மாணவர்கள் வந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். வணக்கம் சொல்லப்போகிறாள் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

"தங்கச்சாமி சார் வரலையா சார்?" என்று கேட்டாள்.

தூக்கிய கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

மதியம் சாப்பாட்டின்போது இரண்டு பையன்கள் உங்களைப்போல் நடித்துக் காட்டினார்கள். "ஏலே, வாளி எங்கன?" என்று ஒருவன் கத்த, மற்றவன் இடப்பக்கம் கையை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னது சரி, நான் அப்போதைக்குச் சிரித்துவிடுகிறவன்தான். என்னைப்போல் யாராவது நடித்துக் காட்டுவார்களா என்று டப்பாவைக் கழுவிக்கொண்டே காத்திருந்தேன். என்னைப்போல் நடிக்க என்ன இருக்கிறது என்றும் அப்போதே தோன்றியது.

மறுநாள் ஆர்த்தி மேடம் அனுப்பிய அறிக்கை வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். மாணவர்கள் உங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் அரை மணி நேரம் தங்குகிறார்கள். என் பக்கத்தில் ஆறேழு நிமிடம். வந்த வேகத்தில் ஓடிவிடுகிறார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கற்பகவல்லி, "பாத்தா மட்டும் கூடவா போகுது?" என்றாள்.

என் பக்கங்கள் ஒழுங்கானவை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒழுங்கு வேறு, உயிர் வேறு போலிருக்கிறது. உங்களிடம் வரிசைக்கு வாருங்கள் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இரண்டு சிறிய சந்தேகங்கள். வீடியோ எடுக்கும்போது போனைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டுமா, நிறுத்திப் பிடிக்க வேண்டுமா? பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வீர்களா, அப்படியே வருமா? பொதுவாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தங்கள்
லட்சுமிகாந்தம்


சிவகாசி
17 செப்டம்பர் 2025

அண்ணாச்சிக்கு,

சீசன் நேரம். இங்க தெருவுல லாரியா நிக்கி, நடக்க வழியில்ல. சுந்தரபாண்டி என் பக்கம் தலையே காட்டல. தபால்காரர் வர்றது ஒண்ணுதான் எனக்கு விசேசம்.

போனைப் படுக்க வச்சுத்தான் பிடிக்கணும். எழுதி வச்சுக்கிட்டா வராது. வாய் எழுத்துக்குப் பின்னால ஓடும், மூஞ்சி செத்துப்போகும். பொதுவாத் தெரிஞ்சுக்கிடுங்க.

உங்க வகுப்புல கேட்ட பிள்ளை யாருன்னு தெரியும், அவளே எனக்கு எழுதிச் சொன்னா. கண்ணாடி போட்டு, ரெட்டைச் சடை. மாரிசெல்வி. பாக்கத்தான் சாது. போன வாரம் எட்டாம் யூனிட்டுக்குக் கீழ அத்தனை பேரு பாக்க ஒரு கேள்வி போட்டுருக்கா:

"சார், வாளி எப்பவும் ஒரே இடத்துல இருக்கணும்னு சொல்றீக. அசைன்மென்ட் எங்கன சார் இருக்கு?"

அதுக்கு எண்பது பேரு சிரிப்புப் பொம்மை போட்டுருக்காக. நானும் முதல்ல சிரிச்சேன். பெறவு சாப்பிட உக்காந்தா இறங்கல. ஆலையில பிறந்து வளந்தவன், வாளியைப் பத்தி ஊருக்கே பாடம் நடத்துறேன், என் பக்கத்துல வாளி ஆறுல கிழக்க, ஏழுல மேக்க, எட்டுல கிணத்துக்குள்ள கிடக்கு.

சரி விடுங்க. ஒரு சின்ன சந்தேகம். அந்த 'அனுப்ப' கட்டத்தை எல்லாப் பக்கத்துலயும் ஒரே இடத்துல எப்படி நிறுத்துறீக? ஒரு பக்கம் செஞ்சு அதையே நகல் எடுத்துக்கிடுறீகளா? எனக்கு அது ஓரிடத்துல நிக்காம ஓடுது. சும்மாதான் கேக்கேன்.

தங்கச்சாமி


விருதுநகர்
7 அக்டோபர் 2025

திரு. தங்கச்சாமி அவர்களுக்கு,

நீங்கள் சும்மா கேட்டதற்கு நான் படம் வரைந்து விளக்கம் அனுப்பினேன். ஒரு பக்கத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து நகலெடுக்க வேண்டும் என்பதுவரை எழுதினேன். எவ்வளவு அக்கறையாக எழுதினேன் என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஆர்த்தி மேடம் போன் செய்தார்.

"சார், ரெண்டு பேரும் பேசி வச்சு விளையாடுறீங்களா? ஆறுல இருந்து பத்து வரைக்கும் இப்ப அவ்வளவு தெளிவா இருக்கு. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் என்ன சார் ஆச்சு? மூணாம் யூனிட்ல நீங்க தும்முறது மட்டும்தான் கேக்குது."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பக்கங்களை நானே கலைத்தேன். யாரும் சொல்லவில்லை. ஐந்து தலைப்பையும் எடுத்துவிட்டு, 'வாருங்கள் மாணவச் செல்வங்களே' என்று போட்டேன். மூன்றாம் அலகு காற்றில் பறக்கும் தூள்களைப் பற்றியது. உங்களுக்கு ஆலை இருக்கிறது, எங்கள் ஊரில் மிளகாய் வத்தல் குடோன் இருக்கிறது என்று நினைத்து, தெரிந்தவர் ஒருவரின் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றேன். போனைக் கற்பகவல்லி பிடித்தாள்.

"ஏங்க, மூஞ்சியை இப்படி வச்சிருந்தா யாரு பாப்பா? கொஞ்சம் சிரிங்க" என்றாள்.

சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு பாடம் இல்லை, தும்மல்தான். அவள் சிரித்த சிரிப்பில் போனும் ஆடியது. குடோன்காரர் வேறு, "சார், மாஸ்க் போட்டுட்டு வந்திருக்கலாமே" என்றார். மூன்றாம் அலகின் முதல் வரியே அதுதான். அதை எழுதியவன் நான். திரும்ப எடுக்க மறுநாள் போகும் தைரியம் வரவில்லை, இருந்ததையே ஏற்றிவிட்டேன்.

இதெல்லாம் என் முட்டாள்தனம். அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்த்தி மேடம் அடுத்துச் சொன்னது இது: "தங்கச்சாமி சார் அமைப்பையே எல்லாப் பாடத்துக்கும் வச்சுக்கலாம்னு இருக்கோம்."

உங்கள் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். இந்தப் பக்கத்தில், படிக்க, பார்க்க, செய்ய, அனுப்ப. என் தலைப்பு, என் வரிசை. 'அனுப்ப' கட்டத்தின் ஓரத்தில் நான் வைத்த அந்தச் சின்ன இடைவெளி உட்பட. ஆண்டு விழா மேடையைப் போல அது உங்களைத் தேடி வந்ததாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது என்னுடையது. என்னிடம் இருந்தது இது ஒன்றுதான்.

இனி எழுதமாட்டேன் என்று நினைக்கிறேன்.

லட்சுமிகாந்தம்


சிவகாசி
10 அக்டோபர் 2025

அண்ணாச்சிக்கு,

எழுதமாட்டேன்னு முடிவு பண்ணாம, 'என்று நினைக்கிறேன்'னு போட்டீக பாருங்க, அந்த நூலைப் பிடிச்சுத்தான் எழுதுறேன்.

எடுத்தேன். உங்க வரிசையை எடுத்தேன். 'சும்மா'ன்னு சொன்னது பொய். உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல. நீங்க உங்க பாதியைக் கலைச்சிட்டு நிப்பீகன்னு சத்தியமாத் தெரியாது. அதைப் பண்ணுறதுக்கு உங்களுக்கு என்ன கேடு? அப்பவே எங்கிட்ட கேட்டிருந்தா நல்லா ஏசியிருப்பேன்.

அந்த அரை மணி நேரக் கணக்கைப் பாத்து நானும் தலை கால் புரியாமத்தான் இருந்தேன். நம்மகிட்ட பிள்ளைக எம்புட்டு நேரம் உக்காருதுன்னு சுந்தரபாண்டிகிட்டயே பெருமை அடிச்சேன். அந்த மாரிசெல்வி கேள்வி உறுத்திக்கிட்டே இருந்துச்சா, முந்தாநாள் இங்க நேரடி வகுப்புக்கு வந்தப்ப அவளையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏத்தா, முன்ன என் பக்கத்துல அம்புட்டு நேரம் என்ன செய்வீக?"

"தேடுவோம் சார்."

"வீடியோ பாக்குறது?"

"அது ஒரு தடவை பாத்துருவோம் சார். நல்லா இருக்கும். மிச்ச நேரம் அசைன்மென்ட் தேடுவோம். லட்சுமிகாந்தம் சார் பக்கம்னா காலேஜ் பஸ்ஸுல நின்னுக்கிட்டே முடிச்சிருவோம். எது எங்கன இருக்கும்னு பாக்காமலே கை போகும். இப்ப என்னன்னு தெரியல, அவரு பக்கம் உங்க பழைய பக்கம் மாதிரி ஆயிருச்சு."

கை போகும்னு சொல்லுதா அண்ணாச்சி! நான் ஆலையில நின்னு, கையை ஆட்டி, தொண்டை கிழியப் பேசுனதை, நீங்க வாயே திறக்காம செஞ்சு வச்சிருந்திருக்கீக. அதுக ஆறு நிமிசத்துல ஓடல. ஆறு நிமிசத்துல முடிச்சிருக்கு. கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. உங்களுக்கு மட்டும்தான் எரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக.

நேத்து ஆர்த்தியம்மாவுக்குப் போன் போட்டேன். மருமக பக்கத்துல இருந்து அவக சொல்றதைத் தாள்ல எழுதிக் காட்டுனா. அமைப்பு அண்ணாச்சியோடது, மேற்பார்வையும் அவருக்குத்தான் சேரும்னு சொன்னேன். "அப்ப நீங்க சார்?"னு கேட்டாகளாம். நான் ஒண்ணும் தியாகி இல்ல. எந்தப் பாடமானாலும் 'பார்க்க'ன்னு வர்ற இடத்துல பேசுறது எப்படின்னு சொல்லிக் குடுக்க ஒரு ஆளு வேணும்ல, அது நான்தான்னு கேட்டு வாங்கிட்டேன். உங்க பேருக்குக் கடிதம் தீபாவளிக்கு முன்ன வருமாம்.

அந்தத் தும்மல் வீடியோவை எடுத்துறாதீக. சுந்தரபாண்டி பாத்துட்டு, "சித்தப்பா, மாஸ்க் போடச் சொல்லி நீங்க கத்துறதை விட இது நல்லா வேலை செய்யும்"னான். எனக்கு அதுலயும் ஒரு எரிச்சல்.

தங்கச்சாமி


விருதுநகர்
16 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஆர்த்தி மேடத்தின் கடிதம் வந்துவிட்டது. கற்பகவல்லி அதை வாங்கிப் படித்துவிட்டு, "தங்கச்சாமி பேரும் இருக்கே, சந்தோசமா வருத்தமா?" என்று கேட்டாள். இந்தமுறை அது பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். எது என்று எனக்கே தெரியவில்லை.

என் ஐந்து அலகுகளையும் பழையபடி வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் கைக்கு எட்டும் இடத்தில் வாளி இருக்கிறது. தும்மல் வீடியோவை மூன்றாம் அலகில் 'பார்க்க' என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறேன். அதன் கீழே 'சார் வேற லெவல்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒருவர்தான். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

நேற்று உங்கள் எட்டாம் அலகையும் பார்த்தேன். வரிசை என்னுடையது, தெரிந்ததுதான். ஆனால் அதற்குள் நீங்கள் நின்று பேசும்போது, அந்த வரிசை நான் போட்டதுபோல் இல்லை. ஆள் குடியேறிய வீடு மாதிரி இருக்கிறது. என் பக்கங்களில் எல்லாம் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. எத்தனை தடவை குடோனுக்குப் போனாலும் எனக்கு அது வராது. இதைப் பார்த்தபோது வேலை கிடைத்த சந்தோஷம் கொஞ்சம் குறைந்ததை மறைக்க விரும்பவில்லை.

ஆகஸ்டில் நான் அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். இரண்டாவது குறிப்பும் மூன்றாவது குறிப்பும் சரி. நான்காவது, அந்த ரேஷன் கார்டு, இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஆறாவதாகக் கேட்டதை நீங்கள் செய்துவிட்டீர்கள், நான் நினைத்த விதத்தில் இல்லாவிட்டாலும்.

பொறாமை இல்லை என்று எழுதிய ஐந்தாவது தவறு.

உங்கள்
லட்சுமிகாந்தம்